ஸ்டூல் மேல் அம்மா!

போன வருஷம் போகிக்கு இரண்டு நாள் முன்னால். சாயங்காலம் நாலு மணி. யாருக்கோ ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தேன். (எழுத்து மட்டும் சோறு போடாது ஸார். நான் பி.காம்.) சமையலறையிலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம். அரிசி டின் விழுந்தால் வேறு மாதிரி கேட்கும். பூனை குதித்தால் வேறு மாதிரி. இது அதுவரை எங்கள் வீட்டில் கேட்காத சத்தம்.

ஓடினேன். அம்மா தரையில் கிடந்தாள். பக்கத்தில் நீல பிளாஸ்டிக் ஸ்டூல் மல்லாந்து கிடந்தது. வலது மணிக்கட்டு, ஓட்டலில் வைக்கிற முள்கரண்டி மாதிரி வளைந்திருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அம்மா பேசிய முதல் வாக்கியம் என்ன தெரியுமா?

"ஸ்டூல் உடைஞ்சிடுச்சா பாருடா!"

அம்மாவுக்கு அறுபத்தேழு வயசு. பொங்கலுக்காகப் பரணிலிருந்து பித்தளைப் பானையை இறக்கப் போயிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டிருக்கலாமே? கூப்பிட்டாளாம். காலையிலிருந்து மூன்று தடவை. "இதோ வரேம்மா" என்று நானும் மூன்று தடவை சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விழும்போது யாருமே அனிச்சையாகக் கையை ஊன்றுவார்கள், அதனால் இந்த வயசில் மணிக்கட்டு உடைவது சகஜம் என்றார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய ஆரம்பிக்குமாம். நம்ம பாஷையில் டிப்ரிஷியேஷன்! "கையோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க. இடுப்பு எலும்பா இருந்தா நாம இப்ப வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம்" என்று முடித்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு.

வீட்டுக்கு வந்ததும் சர்க்கார் மாதிரி ஒரு உத்தரவு போட்டேன். இனிமேல் நீ துடைப்பத்தையே தொடக்கூடாது. சுத்தம் செய்கிற இலாகா முழுக்க என்னுடையது.

அந்த இலாகாவை நான் நிர்வகித்த லட்சணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் கழுவினேன். தரையெல்லாம் பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். கறை போகவில்லை. வீரியம் போதவில்லை போலிருக்கிறது என்று, அதன் மேலேயே டாய்லெட் கழுவுகிற ஆசிட்டையும் ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. அடுத்த நொடி கண் எரிகிறது, தொண்டை அடைக்கிறது, இருமலான இருமல். நல்ல வேளை, கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை. தட்டுத் தடுமாறி வெளியே வந்து விழுந்தேன்.

அம்மா ஒற்றைக் கையால் ஜன்னல்களைத் திறந்துகொண்டே கத்தினாள். "ரெண்டையும் ஒண்ணாக் கலக்கலாமாடா? இதுகூடத் தெரியாமத்தான் காலேஜுக்குப் போனியா?"

தெரியாது ஸார். காமர்ஸில் கெமிஸ்ட்ரி கிடையாது. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. 1915-ல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தில் ஜெர்மன்காரர்கள் எதிரிகளின் பதுங்குகுழிகள் பக்கம் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். நான் அதை எங்கள் பெரம்பூர் ஃபிளாட்டின் நாலுக்கு ஆறு பாத்ரூமில் திறந்துவிட்டிருக்கிறேன். எந்த இரண்டு கிளீனரையும் சேர்க்காதே. ஒன்றைப் போட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, இன்னொன்றை இன்னொரு நாள் போடு. இது அம்மா எனக்கு நடத்திய முதல் பாடம்.

இரண்டாவது பாடம் ஒரு விடியற்காலையில். நாலரை மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹாலில் இருட்டில் ஏதோ அசைகிறது. திருடன்தான் என்று செருப்பைக் கையில் எடுத்துவிட்டேன். லைட்டைப் போட்டால் அம்மா! ஒரு கையில் மாவுக்கட்டு. ஈரத் துணியைக் காலால் தள்ளித் தள்ளித் தரை துடைத்துக்கொண்டிருக்கிறாள். வெளிச்சம் போட்டால் நான் விழித்துவிடுவேனாம்!

"ஏம்மா இப்படிப் பண்றே?"

"நாப்பது வருஷமா நான் பாத்துக்கிட்ட வீடுடா. விருந்தாளி மாதிரி சோபாவுல உக்காரச் சொல்றியே."

எனக்கு நறுக்கென்றது. வரியை ஏற்றிக்கொண்டே போனால் பணம் கறுப்பாக மாறும் என்று படித்தவன் நான். தடையை ஏற்றினால் துடைப்பமும் அண்டர்கிரவுண்ட் போகும் என்று தெரியவில்லை. பகலில் கிழக்கூடாத காலை, இருட்டில் ஈரத் தரையில் நானே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

அன்று காலை காபிக்கு நடுவே பேச்சுவார்த்தை. தலைக்கு மேலே இருப்பது எல்லாம் என் பொறுப்பு: பரண், ஃபேன், ஒட்டடை. மற்றதை அம்மா செய்யலாம். ஆனால் செய்கிற விதம் மாறும். அந்த நீல ஸ்டூலைப் பழைய சாமான் கடைக்காரரிடம் போட்டேன். எட்டு ரூபாய் கொடுத்தார். ஃபிரெண்டு ஒருவன் சொன்ன மாதிரி, பழைய தலையணை உறையை ஃபேன் இறக்கையில் மாட்டி உருவினேன். தூசி உறைக்குள்ளேயே விழுகிறது. (சுவிட்சை அணைத்துவிட்டுத்தான்!)

அம்மா எப்படி வேலை செய்கிறாள் என்று ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. பூந்துடைப்பத்துக்கு முழுக்க வளைய வேண்டியிருக்கிறது. குனிந்து நிமிர்ந்ததும் அரை நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். கேட்டால், "லேசா ஆட்டம் காட்டும், நின்னுடும்" என்கிறாள். பிரஷர் மாத்திரை கொடுக்கிற டாக்டரிடம் சொன்னேன். சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்குப் போவது சில நொடி குறையும். நமக்கு உடம்பு உடனே சரிக்கட்டிக்கொள்ளும், வயசானவர்களுக்கு மெதுவாகத்தான். பிரஷர் மாத்திரை வேறு சாப்பிட்டால் இன்னும் தாமதம் என்றார். மாத்திரை அளவையும் பார்த்து மாற்றிக் கொடுத்தார்.

துடைப்பத்தை ஒரு பி.வி.சி. பைப்பில் சொருகிக் கட்டினேன். நின்றபடியே பெருக்குகிறாள். கீழ் அலமாரி துடைக்க நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். பக்கெட் விஷயம்தான் என்னை உலுக்கியது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பதினைந்து லிட்டர் பக்கெட்டை பாத்ரூமிலிருந்து ஹாலுக்குத் தூக்குகிறாள் என்றால், அரிசிச் சிப்பத்தில் பாதிக்கு மேல் தினமும் சுமக்கிறாள்! இப்போது சின்ன வாளி, அதிலும் பாதித் தண்ணீர். தரையைப் பாதி துடைத்து, ஃபேனைப் போட்டு, காய்ந்த பிறகு மீதிப் பாதி. ஈரத்தைத் தாண்டி யாரும் நடப்பதில்லை. கரண்ட் போனால் அன்றைக்கு லீவு.

கால்மிதியில்தான் பெரிய சண்டை. பழைய சேலையை நாலாக மடித்துப் போடுவது எங்கள் குலவழக்கம். டைல்ஸ் மேல் அது வழுக்கி ஓடும் வாகனம்! அடியில் ரப்பர் வைத்தது வாங்கி வந்தேன். "இதுக்கு முன்னூறு ரூபாயா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. செல்போனைக் கழுத்தில் தொங்கவிடச் சொன்னதற்கு, "நான் என்ன ஆபீஸ் பியூனா?" என்றாள். ஆனாலும் தொங்குகிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு ஸ்டூல் இருக்கும். நீங்கள் காலை எட்டரைக்குக் கிளம்பிப் போன பிறகு அது எந்த அறையில், யார் காலுக்கடியில் இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா? இன்றைக்கு ராத்திரி கேட்டுப் பாருங்கள். "நான் எங்கே ஏறறேன்" என்றுதான் பதில் வரும். நம்பாதீர்கள்.

இந்த வருஷப் போகி. ஸ்டீல் ஏணி வாங்கிவிட்டேன். நான் மேலே, அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு டைரக்‌ஷன். "இடது பக்கம்... இன்னும் உள்ள... கையை விட்டுப் பாருடா!"

பானை வந்தது. கழுவித் துடைத்துக் கீழ் அலமாரியில் வைத்துவிட்டாள். இனி அதன் இடம் அதுதானாம். அங்கே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டினாள். என் காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகங்கள்.

"இது எங்கேம்மா?"

"பரண்ல போடு."

"எனக்கு எப்பவாவது வேணும்மா."

"கடைசியா எப்ப எடுத்தே?"

ஏணியில் ஏறினேன்.