இரு சம்பளம் ஒரு சம்பளமாகும்போது

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பகுதியில் உள்ள எங்கள் கிளையில் நான் கடன் பிரிவைக் கவனித்துவந்தபோது, ஒரு தம்பதியர் நான்கு மாதக் குழந்தையுடன் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தனர். வீட்டுக்கடனின் தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்க இயலுமா என்பது கணவரின் கேள்வி. மனைவி ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர். மகப்பேறு விடுப்பு முடிய இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. விடுப்பு முடிந்ததும் பணியைத் துறந்துவிடுவதென்று இருவரும் முடிவு செய்திருந்தனர். அவர்களுடைய அடையாளம் வெளிப்படாதவாறு எண்களைச் சற்று மாற்றி, அன்று நாங்கள் போட்ட கணக்கை இங்கே தருகிறேன். இதே நிலையில் உள்ள வேறு குடும்பங்களுக்கும் அது பயன்படக்கூடும்.

நான் முதலில் கேட்டது கடனைப் பற்றியன்று, பணி விலகலைப் பற்றித்தான். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது என்பதைப் பலரும் அறிவர். அதே திருத்தத்தில் வந்த வேறு இரண்டு ஏற்பாடுகளை அறிந்தவர் குறைவு. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும். வேலையின் தன்மை இடங்கொடுத்தால், விடுப்புக்குப் பின்னும் சிலகாலம் வீட்டிலிருந்தே பணிபுரிவது குறித்து இரு தரப்பும் உடன்பாடு செய்துகொள்ளலாம். இவை பற்றி எழுத்து மூலம் கேட்டுப் பார்க்காமல் விலகல் கடிதம் கொடுப்பது அவசரமென்பேன். அந்தப் பெண்மணி கேட்டிருந்தார். அவர் பணியாற்றிய அலுவலகத்தில் முப்பதுக்கும் குறைவானவர்களே இருந்தனர். வீட்டிலிருந்து பணிபுரியும் வாய்ப்பும் கிட்டவில்லை.

"காப்பகக் கட்டணம் மாதம் 11,000, வண்டிச் செலவு 3,000. என் சம்பளம் 42,000. இதைக் கழித்தால் என்ன சார் மிஞ்சும்?" என்றார் அவர். இந்தக் கணக்கை நான் பல குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். காப்பகக் கட்டணத்தைத் தாயின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிப்பது ஏன் என்று எனக்கு இன்றளவும் விளங்கவில்லை. குழந்தை இருவருக்கும் உரியது. செலவும் இருவருடைய வருமானத்திலிருந்தே கழிய வேண்டும். அப்படியே கழித்தாலும் 28,000 மிஞ்சுகிறதே! ஆனால் அவருடைய முடிவுக்குப் பணம் மட்டும் காரணமன்று. குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் உடனிருக்க அவர் விரும்பினார். அதில் வங்கி அதிகாரிக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

விலகும் நாளைக் குறித்து மட்டும் ஒன்று கேட்டேன். ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பணியாற்றியவருக்குப் பணிக்கொடை உண்டு. ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பும், 26 வாரங்கள் வரை, தொடர்பணியாகவே கருதப்படும். அவருக்கு ஐந்து ஆண்டு நிறைவுபெற விடுப்பு முடிந்தபின் ஒன்பது நாள்களே குறைந்தன. அடிப்படை ஊதியம் 25,000 என்றால், அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து ஐந்தால் பெருக்க, 72,115 ரூபாய் வருகிறது. ஒன்பது நாள் பணிக்குச் சென்று வந்தால் கிடைக்கும் தொகை இது. தம்பதியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

பின்னர் ஒரு தாளை எடுத்து வரவு செலவை எழுதச் சொன்னேன். கணவரின் கைக்கு வரும் சம்பளம் 68,000, மனைவியுடையது 42,000, ஆக 1,10,000. செலவுப் பக்கத்தில் வீட்டுக்கடன் தவணை 26,000, அடுக்குமாடிப் பராமரிப்பு 3,500, கார் கடன் 9,500, மளிகை, பால், காய்கறி 14,000, உணவகமும் செயலி வழி வரவழைக்கும் உணவும் 8,500, மின்சாரம், எரிவாயு, கைபேசி, இணையம், ஓடிடி சந்தாக்கள் 5,200, வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்கு 4,000, போக்குவரத்து 7,800, பரஸ்பர நிதியில் மாதாந்தர முதலீடு 10,000, காப்பீட்டுப் பிரீமியம் மாதக் கணக்கில் 3,500, இணையவழிக் கொள்முதலும் இதரமும் 8,000, மனைவியின் தாயாருக்கு அனுப்புவது 6,000. மொத்தம் 1,06,000. இனிக் குழந்தைக்கென 6,000 சேரும். வருமானமோ 68,000 மட்டுமே. மாதந்தோறும் விழும் துண்டு 44,000.

கணவர் முதலில் பேனாவை வைத்த இடம் கடைசி வரி. "இந்த ஆறாயிரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாம்" என்றார். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. குழந்தையின் போர்வையைச் சரிசெய்து கொண்டிருந்தவர், சிறிது நேரம் கழித்து, "எட்டு வருஷமா என் சம்பளத்திலிருந்து அனுப்பறேன் சார். அம்மாவுக்கு வேற வருமானம் கிடையாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த வரியை அப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்ப்போம் என்றேன்.

சிக்கனம் என்றதும் பெரும்பாலான குடும்பங்கள் பால் பாக்கெட்டிலும் காய்கறியிலும்தான் தொடங்குகின்றன. சிறு செலவுகள் நாள்தோறும் கண்ணில் படுவதே இதற்குக் காரணம். பெரிய செலவுகள் தானாகவே கணக்கிலிருந்து பற்றாகிவிடுவதால் மறந்துபோகின்றன. இக்குடும்பத்தின் மிகப்பெரிய மிச்சம் காரில் இருந்தது. வார இறுதிகளில் மட்டுமே ஓடிய கார் அது. வணிகவியல் படித்தவன் என்ற முறையில், நிறுத்திவைத்த வாகனத்திற்கும் தேய்மானம் உண்டு என்பதை நினைவூட்டினேன். விற்றுக் கடனை அடைத்தால் தவணை 9,500 நின்றுவிடும். எரிபொருளும் மனைவியின் அலுவலகப் பயணமும் நிற்பதால் போக்குவரத்தில் 4,800 குறையும். அவசரத்திற்கு மாதம் நான்கைந்து முறை வாடகை வண்டி அமர்த்தினாலும் இலாபமே. விற்பதற்கு முன் கடன் கொடுத்த நிறுவனத்திடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அடமானப் பதிவை நீக்க வேண்டும். நிலையான வட்டியிலான வாகனக் கடனை முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் இருக்கக்கூடும். அதையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

உணவகச் செலவை 2,000 ஆக்கியதில் 6,500. இணையக் கொள்முதலில் 5,000. சந்தாக்களிலும் கைபேசித் திட்டத்திலும் 1,300. மளிகையில் 1,500, அதற்கு மேல் அங்கே குறைக்க வேண்டாமென்று நானே தடுத்தேன், பாலூட்டும் தாயின் உணவில் மிச்சம் பிடிப்பது கூடாது. வேலைக்கார அம்மாவை நிறுத்திவிடலாம் என்று மனைவி சொன்னதையும் நான் ஏற்கவில்லை. இரவு உறக்கமில்லாத ஒருவர் பகலில் பாத்திரமும் துலக்கி 4,000 மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. முதலீட்டை 10,000லிருந்து 2,000 ஆக்கினோம்.

குழந்தைச் செலவைப் பற்றியும் ஒரு சொல். பகலில் துணிக் கோவணமும், இரவிலும் வெளியூர்ப் பயணத்திலும் மட்டும் டயப்பரும் என்று வைத்துக்கொண்டால் அந்தச் செலவு பாதிக்கு மேல் குறையும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதன்பின் கடைப் பொடிகளுக்கு மாற்றாக ராகிக் கூழும் மசித்த பருப்புச் சாதமும் வீட்டிலேயே ஆகும். குறைமாதக் குழந்தை என்பதால் இதில் மருத்துவர் சொல்லே முடிவு. தடுப்பூசிகளுள் பி.சி.ஜி., போலியோ, பென்டாவேலன்ட், ரோட்டா வைரஸ், நிமோகாக்கல், தட்டம்மை ரூபெல்லா ஆகியவை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகின்றன. தனியார் மருத்துவமனைகளில் இவற்றுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகிறது. அரசு அட்டவணையில் இல்லாதவற்றை மட்டும் மருத்துவர் ஆலோசனைப்படி தனியாகப் போட்டுக்கொள்ளலாம். இவ்வாறு 6,000 என்பது 3,200 ஆயிற்று.

இத்தனைக்கும் பிறகு செலவு 72,600; வருமானம் 68,000. துண்டு 4,600.

இப்போதுதான் வீட்டுக்கடனுக்கு வந்தோம். ஐந்தாண்டுகளுக்கு முன் 30 இலட்சம், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுகள். நிலுவை ஏறத்தாழ 26.44 இலட்சம். எஞ்சிய 15 ஆண்டுகளை மீண்டும் 20 ஆக்கினால் தவணை சுமார் 22,940 ஆகும். மாதம் 3,090 குறையும். ஆனால் இதே வட்டி நீடித்தால், கடன் முடியும்போது கூடுதலாகக் கட்டியிருப்பது 8 இலட்சத்துக்கும் மேல். வங்கி அதிகாரியாகிய நான் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தவணை தவறும் நிலை வந்துவிட்டால் நீட்டிப்பே மேல். தவறுவதற்கு முன்பே வங்கிக்கு வந்து பேசுவது அதனினும் மேல். 4,600 ரூபாய்த் துண்டுக்கு அது தேவையா என்பதே கேள்வி. கார் விற்றுக் கடன் போக ஓர் இலட்சம் மிஞ்சும். விடுப்பில் இன்னும் வர வேண்டிய இரு மாதச் சம்பளம் 84,000. பணிக்கொடை 72,115. இவற்றைத் தனி வைப்பாக ஒதுக்கினால், ஆண்டுக்கு 55,200 எடுத்தாலும் மூன்று ஆண்டுகளுக்குத் தாங்கும். அவசரத்திற்கும் தொண்ணூறாயிரம் இருக்கும். நீட்டிப்பை ஓராண்டு கழித்துப் பார்க்கலாம் என்று கணவரே சொன்னார்.

முதல் மாதத்திலேயே வந்திருந்தால் இன்னும் எளிதாக இருந்திருக்கும். விடுப்பின் ஆறு மாதங்களும் ஒத்திகைக் காலம் போன்றவை. ஒருவர் சம்பளத்தில் குடும்பத்தை நடத்தி, தாயின் சம்பளத்தைத் தொடாமல் வைத்திருந்தால் இரண்டரை இலட்சம் சேர்ந்திருக்கும். எது முடியும், எது முடியாது என்பதும் தெரிந்திருக்கும்.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. மனைவி பணியிலிருந்து விலகும் நாளில் அவருடைய நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடும் முடிந்துவிடும். அவரையும் குழந்தையையும் கணவரின் பாலிசியில் சேர்க்கும் வேலை அதற்கு முன்பே முடிய வேண்டும். சம்பாதிப்பவர் ஒருவரே ஆகும்போது அவருடைய உயிருக்கான டேர்ம் காப்பீட்டை உயர்த்த வேண்டுமே தவிரக் குறைக்கலாகாது. வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடும் ஆசை பலருக்கு வரும். ஐந்து ஆண்டு தொடர்பணி நிறையாமல் எடுத்தால் அதற்கு வரி உண்டு. எடுக்காமல் விட்டால், பணியை விட்ட பின்பும் அந்தக் கணக்கில் வட்டி சேரும். வேறு பணியில் சேரும்போது அங்கே மாற்றிக்கொள்ளலாம். பி.பி.எஃப். கணக்கு இருந்தால் ஆண்டுக்கு 500, செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால் ஆண்டுக்கு 250 செலுத்தினாலே அவை உயிரோடிருக்கும். கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டித் துண்டை மூடுவதைப் போன்ற கேடு வேறில்லை. அதன் வட்டி மாதத்துக்கு 3 சதவீதத்திற்கு மேல்.

சம்பளக் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்கள் தொடர்ந்து சம்பளம் வராவிட்டால் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறிவிடும்; குறைந்தபட்ச இருப்பு விதிக்கும் வங்கிகளில் அபராதம் பிடிக்கப்படும். அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொண்டால் இருப்பு நிபந்தனை இல்லை. கணக்கை மூடிவிடலாமா என்று அந்தப் பெண்மணி கேட்டார். வேண்டாமென்றேன். 2,000 ரூபாய் முதலீடு அவர் பெயரிலேயே, அந்தக் கணக்கிலிருந்தே தொடரட்டும் என்றேன். கணவர் கொடுக்கும் பணத்தில் மனைவி பெயரில் முதலீடு செய்தால் அதன் வருமானம் வருமான வரிக்குக் கணவரின் கணக்கில்தான் சேரும். வரி அவருடையதாகட்டும், பணம் அவள் பெயரில் இருப்பது வேறு விஷயம்.

மிஞ்சியது அந்தக் கடைசி வரி. கணக்கில் அதற்கு இடம் இருந்தது. நிறுத்த வேண்டிய தேவை இல்லை. ஆயினும் மாதந்தோறும் கேட்டு வாங்கி அனுப்புவதா என்ற தயக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கொன்று தொடங்கி, கணவரின் சம்பளம் வந்ததும் குடும்பச் செலவுத் தொகை முழுவதும் அதற்கு மாறவும், அங்கிருந்து ஐந்தாம் தேதி 6,000 ரூபாய் அவருடைய தாயாரின் கணக்குக்குத் தானாகச் செல்லவும் நிலையான உத்தரவு கொடுத்துவிடலாம் என்றேன். வீட்டுக்கடன் தவணை எப்படி யாரையும் கேட்காமல் போகிறதோ, அப்படியே இதுவும் போகும். கணவர் சற்று யோசித்துவிட்டுப் படிவத்தைத் தம் பக்கம் இழுத்துக் கையொப்பமிட்டார். பிறகு அதை மனைவியிடம் நகர்த்தினார்.

அவர் தேதியைப் பார்த்து, "மூணாம் தேதின்னு போடலாமா சார்? அம்மாவுக்கு மாத்திரை முதல் வாரமே வாங்கணும்" என்றார். ஐந்தை அடித்து மூன்று என்று எழுதி, இருவரையும் திருத்தத்தின் அருகே ஒரு சுருக்கொப்பம் இடச் சொன்னேன்.