திரியாகும் துணி: தீபம் ஏற்றும் பெரியோர் கவனத்திற்கு

கார்த்திகையும் மார்கழியும் தீபங்களின் மாதங்கள். வாசலில் அகல் வரிசை, பூஜை அறையில் குத்துவிளக்கு, விடியற்காலையில் ஆலய தரிசனம் என்று இல்லங்கள் ஒளிமயமாகத் திகழும். அதே பனிக்காலத்தில்தான் முதியோரின் தோல் மிகவும் வறண்டு, அரிப்பும் வெடிப்பும் உண்டாகின்றன. வயது ஏற ஏறத் தோலில் இயற்கையாகச் சுரக்கும் எண்ணெய்ப் பசை குறைவதே இதற்குக் காரணம். ஆகவே, ஈரப்பதம் காக்கும் கிரீம்களையும் பெட்ரோலியம் ஜெல்லியையும் தடவிக்கொள்ளுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். அவை நன்மை தருபவையே. ஆயினும், அவற்றால் நேரக்கூடிய ஓர் ஆபத்தைப் பலரும் அறிந்திருப்பதில்லை.

உடலில் தடவிய கிரீம் அங்கேயே முழுவதும் தங்கிவிடுவதில்லை. புடவை, வேட்டி, சால்வை, படுக்கை விரிப்பு ஆகியவற்றில் நாள்தோறும் சிறிது சிறிதாக ஒட்டி, உள்ளே ஊறி உலர்ந்துவிடுகிறது. அத்தகைய துணி மிக எளிதில் தீப்பற்றும். வேகமாகவும் கடும் வெப்பத்துடனும் எரியும். பஞ்சுத் திரியைத் தனியே கொளுத்தினால் நொடியில் கருகிப் போகிறது. எண்ணெயில் தோய்த்தாலோ சுடர் நின்று எரிகிறது. கிரீம் ஊறிய முந்தானையும் ஒரு பெரிய திரியே.

பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் இதுபற்றி எச்சரித்தது. பாரஃபின் கலந்தவை மட்டுமின்றி, பாரஃபின் இல்லாத கிரீம்களும் துணியில் ஊறினால் இதே ஆபத்து உண்டு என்று அது தெளிவுபடுத்தியது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றைத் தடவிக்கொள்வோரும் இக்கவனத்தைக் கைக்கொள்ள வேண்டும். துணியைச் சோப்பிட்டுத் துவைப்பதால் ஆபத்து குறையுமேயன்றி, முற்றிலும் நீங்கிவிடாது.

இதற்காகக் கிரீமையும் நிறுத்த வேண்டியதில்லை. தீபத்தையும் நிறுத்த வேண்டியதில்லை. பூஜைக்கென மடித்துணியைத் தனியே வைத்திருப்பது நம் பெரியோரின் வழக்கம். கிரீம் படாத பருத்தி ஆடை ஒன்றை அவ்வாறே விளக்கேற்றுவதற்கென ஒதுக்கி வைக்கலாம். நீராடியதும் முதலில் விளக்கேற்றி வழிபாட்டை முடித்து, சுடர் குளிர்ந்த பின் கிரீம் தடவிக்கொள்வது நலம். அப்போது தோலைச் சற்றே நீரால் ஈரமாக்கிக்கொண்டால் கிரீம் நன்கு பயன் தரும். உடனே தடவியே தீர வேண்டிய நிலையில் உள்ளோர், அன்று விளக்கேற்றும் பணியை வீட்டில் மற்றொருவரிடம் ஒப்படைக்கலாம்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வதும், மேல்துண்டைக் களைந்து வைப்பதும் அவசியம். அகல்களை வரிசையாக ஏற்றும்போது பின்வரிசையை முதலில் ஏற்றினால், எரியும் சுடரின் மீது கை நீட்ட நேராது. ஆலயப் பிராகாரத்தில் தரையில் எரியும் நெய் விளக்குகளைக் கடக்கும்போதும், கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்ளும்போதும் ஆடையின் நுனியில் கண் இருக்கட்டும். சமையலறை அடுப்பின் அருகிலும் இதே விழிப்பு வேண்டும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் அடிக்கடி மாற்றுவதோடு, படுக்கையருகே கொசுவர்த்தி, ஊதுபத்தி ஆகியவற்றை வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

ஆடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. ஓடினால் காற்றுப்பட்டுத் தீ வளரும். உடனே தரையில் படுத்து உருள வேண்டும். உருள இயலாத முதியவரை அருகில் இருப்போர் படுக்க வைத்து, கனத்த ஜமுக்காளத்தால் போர்த்தி அணைக்கலாம். தீ அணைந்ததும் காயத்தின்மீது 20 நிமிடம் குழாய் நீர் விட வேண்டும். வளையல், மோதிரங்களை விரைந்து கழற்றிவிட வேண்டும். தோலில் ஒட்டிய துணியை மட்டும் பிய்த்து எடுக்கக் கூடாது. மை, பற்பசை, வெண்ணெய், பனிக்கட்டி எதையும் காயத்தில் வைத்தலாகாது. தமிழகத்தில் ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புத் துறைக்கு 101 என்ற எண்களைப் பூஜை அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நன்று.

தீபம் இருளைப் போக்கி இல்லத்தைக் காப்பது. அதை ஏற்றும் கரங்களைக் காக்கும் பொறுப்பு, அந்த இல்லத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு.