தொண்ணூறு வயதிலும் தசை வலுப்பெறும்

முதுமையில் உடல் தளர்வது இயற்கையே எனினும், அத்தளர்ச்சியில் எவ்வளவு வயதால் வருவது, எவ்வளவு தசைக்கு வேலை கொடுக்காமல் விட்டதால் வருவது என்ற கேள்வியை மருத்துவம் முறையாக எழுப்பியது அண்மைக் காலத்தில்தான். வயதேற ஏறத் தசையின் பருமனும் வலிமையும் குன்றும் நிலைக்கு, 1989-இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் ‘சார்கோபீனியா’ என்று பெயர் சூட்டினார். தசை, குறைவு எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

தசையில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் இழைகளும், விரைந்து சுருங்கிப் பெரும் விசை தரும் இழைகளும் கலந்துள்ளன. வயதோடு அதிகம் மெலிவன இரண்டாம் வகையினவே. அவற்றை இயக்கும் நரம்பணுக்களும் எண்ணிக்கையில் குறைகின்றன. தரையிலிருந்து எழுவது, பேருந்தின் உயரமான படியில் ஏறுவது, கால் இடறியதும் மறுகாலைச் சட்டென்று ஊன்றிக்கொள்வது ஆகியவற்றுக்கெல்லாம் இவ்விரைவிழைகளே பெரிதும் வேண்டும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சமதரையில் நடக்க இவ்விழைகள் அவ்வளவாகத் தேவைப்படாமையால், நாள் தவறாமல் நடப்பவர்கூடக் கையை ஊன்றாமல் எழ இயலாதவராக ஆகிவிடுவதுண்டு.

தசைக்கு வேண்டியது சுமை. தளர்ந்த முதியோர் அதைத் தாங்குவரா என்ற அச்சத்துக்கு விடையாக அமைந்தது, பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோனும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வு. தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால் தசைப் பயிற்சி அளிக்கப்பட்டது. தூக்கிய எடையோ, ஒருவர் ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 விழுக்காடே பெருத்தது. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவு கவனிக்கத்தக்கது: தசை பெருக்கும் முன்பே, இருக்கும் இழைகளை ஒருசேர முடுக்கிவிட நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது என்பதே அதன் பொருள்.

இதற்கு இயந்திரம் கட்டாயமன்று. கைப்பிடியற்ற, வழுக்காத நாற்காலி ஒன்று போதும். சுவரை ஒட்டிப் போட்ட அந்நாற்காலியின் முன்விளிம்பில் அமர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, கைகளை மார்பில் கட்டி, மூச்சை வெளிவிட்டபடியே சற்று விரைவாக எழுந்து, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெல்ல அமர வேண்டும். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். எழ முடியாதவர் இருக்கையில் தடித்த மெத்தை இட்டு உயர்த்திக்கொள்ளலாம். பத்து முறை எளிதாக வந்துவிட்டால் அது பயிற்சியாக இராது. மெத்தையை எடுத்துவிடுவது, கையில் அரிசிப் பை பிடித்துக்கொள்வது என்று சுமையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். கடைசி இரண்டு முறை சிரமப்பட்டே முடியும் அளவே சரியான அளவு. கையை வீசிக் காலை ஆட்டுவதோடு முடியும் ‘முதியோர் பயிற்சிகள்’ பல பயனற்றுப் போவது இந்த இடத்தில்தான்.

கைகளுக்கும் தோளுக்கும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும், ரப்பர் பட்டையை இழுப்பதும் உதவும். வாரத்தில் இரண்டு நாளேனும் தசைப் பயிற்சியும், மூன்று நாளேனும் சமநிலையையும் வலிமையையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சிகளும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்ற புரத உணவும் உடன் வேண்டும். ஆனால் சத்துப்பானத்தை மட்டும் குடித்து வலிமை பெற இயலாது என்பதை, ஃபியாட்டரோன் குழு நூறு பேரைக் கொண்டு நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கட்டுப்படாத இரத்த அழுத்தம், அண்மையில் வந்த மாரடைப்பு, கண் அறுவை ஆகியன இருப்பின் மருத்துவரைக் கேட்காமல் எடை தூக்கலாகாது.

இடையில் நிறுத்தினால் என்னவாகும் என்பதையும் 1990 ஆய்வில் பங்கேற்ற பாஸ்டன் முதியோரிடமே காண முடிந்தது: பயிற்சியை விட்ட நான்கே வாரங்களில் அவர்களது வலிமை 32 விழுக்காடு இறங்கிவிட்டது.