போகர் பொன் செய்தாரா?

70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்கு வருபவர்களில் பலர் ஆகாயகங்கை அருவியோடு திரும்பிவிடுவதில்லை. கோரக்கர், காலாங்கிநாதர் பெயரால் வழங்கும் குகைகளையும் தேடிப் போகிறார்கள். அந்தக் காலாங்கிநாதரின் மாணவர்தான் போகர் என்கிறது சித்தர் மரபு. ‘இந்தச் சித்தர்கள் உண்மையிலேயே பொன் செய்தார்களா?’ என்ற கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும்.

போகர் யார்? பழனி முருகன் சிலையை நவபாஷாணத்தால் (ஒன்பது நச்சுப் பொருள்களின் கூட்டு) செய்தவர், சீனம் போய்வந்தவர் என்று மரபு சொல்கிறது. பழனிக் கோயிலில் அவருடைய சமாதியை வணங்குகிறார்கள். ‘போகர் 7000’ அவர் பெயரில் வழங்கும் நூல். அதன் மொழிநடை மரபு சொல்லும் காலத்துக்கு மிகப் பிந்தியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஒருவர் பெயரில் பின்னால் வந்தவர்கள் எழுதுவார்களா? எழுதுவார்கள். பாரிஸ் நகரில் நூல்களைப் படியெடுத்து வாழ்ந்த நிக்கோலாஸ் ஃபிளமெல் 1418-இல் இறந்தார். அவர் பெயரில் ரசவாத (மலிவான உலோகத்தைப் பொன்னாக்கும் முயற்சி) நூல் வெளிவந்தது 1612-இல். 1997-இல் வந்த முதல் ஹாரி பாட்டர் கதையில் அவருக்கு 600 வயது தாண்டிவிடுகிறது! நம் ஊரிலும் ‘மர்ம தேசம்’ தொடரின் ‘ரகசியம்’ கதை நவபாஷாண லிங்கத்தைச் சுற்றியே நகர்கிறது. கதைகளாக இவற்றை மனதார ரசியுங்கள்.

கண்ணெதிரே பொன் வந்ததாகச் சொல்கிறார்களே? பாதரசம் தங்கத்தைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். தங்க மோதிரத்தில் பட்டால் மோதிரமே வெளுத்துப்போகும். தங்கம் கரைந்த ரசத்தைச் சூடாக்கினால் ரசம் ஆவியாகி, தங்கம் மட்டும் அடியில் தங்கும். முன்பே போட்ட தங்கம்தான் அது. அடுப்புச் சூட்டில் எந்த உலோகமும் வேறு உலோகமாகாது. யாராவது செய்து காட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரசமணி (பாதரசத்தைக் கட்டிய உருண்டை) எப்படிக் கெட்டியாகிறது? வெள்ளி, ஈயம் போன்ற உலோகத்தோடு கலந்தால் ரசம் இறுகிவிடும். பல் குழியை அடைக்கும் பழைய வெள்ளிக் கலவையும் இதே வழிதான். இறுகிவிட்டதால் நஞ்சு போய்விட்டது என்று எண்ணாதீர்கள். ரசமணியையோ நவபாஷாணம் என்று விற்கும் மணியையோ பாலில் ஊறவைத்துக் குடிக்க வேண்டாம். குழந்தைகளுக்கும் கருவுற்றிருக்கும் பெண்களுக்கும் கொடுக்கவே கூடாது.

வீட்டில் பாதரசத்தைக் காய்ச்சிப் பார்க்கலாமா? கூடவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்தால் நரம்பும் சிறுநீரகமும் கெடும், கைநடுக்கம் வரும். தரையில் சிந்திவிட்டால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சிறு முத்துகளாகச் சிதறிப் பரவும். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுச் சன்னல்களைத் திறந்துவையுங்கள்.

அப்படியானால் சித்த மருத்துவமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ரசத்தையும் பாஷாணங்களையும் முதலில் ‘சுத்தி’ (நச்சு தணிக்கும் முறை) செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னதே சித்த மருத்துவம்தான். இவை ஆபத்தானவை என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஆகவே சித்த மருத்துவப் பட்டம் பெற்றவரிடம் போங்கள். பஸ்பம், செந்தூரம் வாங்கினால் மேலட்டையில் உரிம எண், சேர்மானம், தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். நச்சுப் பொருள் சேர்ந்த மருந்தென்றால் மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுகிறவரானால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

குகைக்குப் போங்கள், கும்பிடுங்கள், போகர் கதையைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். வழியில் யாரேனும் பெயரில்லாத பொட்டலத்தை நீட்டி ‘சித்தர் மருந்து’ என்றால் மட்டும், வாங்காமல் இறங்கி வாருங்கள்.