மச்சில் உறங்கும் பாட்டுகள்

நாஞ்சில் நாட்டில் ஒரு பழைய வீடு. புதுப்பிக்க வேண்டும் என்று மச்சைக் காலி செய்கிறார்கள். ஓட்டை உருளி, உடைந்த தொட்டில், பூச்சி அரித்த பஞ்சாங்கக் கட்டு எல்லாம் கீழே வருகின்றன. கடைசியாக ஒரு தகரப் பெட்டி. திறந்தால் உள்ளே வட்ட வட்டமாகக் கறுப்புத் தட்டுகள்!

"இது என்னது, பாட்டா?" என்று பேரன் கேட்கிறான்.

"பாட்டுதான் மக்கா! கிராமபோன் பிளேட்டுல்லா இது!" என்று சிரிக்கிறார் பெரியவர்.

பழைய இரும்புக்காரர் வருகிறார். உருளியை எடை போடுகிறார். தட்டுகளைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறார். அது இரும்பும் அல்ல, ஈயமும் அல்ல. அவருக்குப் பயன் இல்லை. பிறகு அவை எங்கே போகும்? குப்பைக்குத்தான்!

ஒரு காலத்தில் இந்தத் தட்டு ராஜாவாக வாழ்ந்தது. அம்மன் கோயில் கொடையா? கலியாணமா? தென்னை மரத்து உச்சியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டுவார்கள். கீழே ஓலைப் பந்தலில் சவுண்டு செட்காரர் உட்கார்ந்திருப்பார். தட்டை வைத்து ஊசியை இறக்குவார். மூன்று ஊருக்குப் பாட்டுக் கேட்கும்!

பூச்சி தந்த தட்டு

இந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? பிளாஸ்டிக் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அரக்கினால் ஆனது.

பலாசு, இலந்தை போன்ற மரங்களில் ஒரு சின்னஞ்சிறு பூச்சி வாழ்கிறது. அது சுரப்பதுதான் அரக்கு. அதைச் சுரண்டி எடுத்து, உருக்கிச் சுத்தம் செய்வார்கள். கல் பொடி, கரி, பஞ்சு நார் ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். சூடாக அச்சில் அழுத்தினால் தட்டு தயார்! உலகத்துக்கு அரக்கை மிகுதியாக அனுப்பிய நாடு நமது இந்தியாதான்.

தட்டு நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றும். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் பாட்டு. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் எல்லா வித்தையையும் காட்டிவிட வேண்டும்!

இந்தியாவில் 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாட்டுப் பதிவு நடந்தது. கௌஹர் ஜான் என்ற பாடகி குழலுக்கு முன்னால் நின்று பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஏன் தெரியுமா? அந்தத் தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகரில் அச்சாக வேண்டியிருந்தது. யார் பாட்டு என்று அங்கே இருந்த தொழிலாளிக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான்!

1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. பிறகு அது பக்கத்தில் உள்ள தம்தம் என்ற இடத்துக்கு மாறியது. நாய் படம் போட்ட தட்டுகளும் கொலம்பியா தட்டுகளும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. தமிழ் நாடகப் பாட்டும் வங்காளப் பாட்டும் வெள்ளைக்காரர் நடனப் பாட்டும் ஒரே கூரையின் கீழ் அச்சாயின.

அந்த நடனப் பாட்டுத் தட்டுகளில் சில, உலகத்தில் வேறெங்கும் கிடைக்காதவை. அவற்றைத் தேடிச் சேகரிப்பவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். தேடும் காரணம் ஒரு பியானோ வித்வான்.

கல்கத்தாவில் ஓர் அமெரிக்கர்

அவர் பெயர் டெடி வெதர்போர்டு. 1903-ல் அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். கறுப்பு இனத்தவர். அவர் வாசித்தது ஜாஸ் சங்கீதம்.

ஜாஸ் என்றால் என்ன? அமெரிக்கக் கறுப்பு இன மக்கள் வளர்த்த சங்கீதம் அது. மெட்டு ஒன்று இருக்கும். ஆனால் வித்வான் அதை அப்படியே வாசிக்க மாட்டார். தம் கற்பனைக்குத் தோன்றியபடி வளைத்து, நெளித்து, விரித்து வாசிப்பார். நமது நாகசுர வித்வான் ராகத்தை விரிப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். 1930-க்குப் பிறகு அதுவே பெரிய பேண்டுகள் வாசிக்கும் நடன சங்கீதமாக வளர்ந்தது. அதற்கு ஸ்விங் என்று பெயர். கேட்டால் கால் தானாகத் தாளம் போடும்!

வெதர்போர்டு சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற டிரம்பெட் மேதையோடு ஒரே பேண்டில் வாசித்தவர். அங்கேயே இருந்திருந்தால் அவரும் உலகப் புகழ் பெற்றிருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் 1926-ல் அவர் கப்பல் ஏறினார். ஷாங்காயில் வாசித்தார். பம்பாய் தாஜ்மஹால் ஓட்டலில் வாசித்தார். 1937-ல் பாரிஸ் போய்ச் சில தட்டுகளுக்கு வாசித்துவிட்டு மறுபடியும் கிழக்கே வந்துவிட்டார்!

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. கல்கத்தா நகரம் முழுவதும் அமெரிக்க, ஆங்கிலச் சிப்பாய்கள். அங்கே கிராண்டு ஓட்டலில் வெதர்போர்டின் பேண்டு வாசித்தது. ஜிம்மி விதர்ஸ்பூன் என்ற இளைஞர் அப்போது கப்பலில் சமையல் வேலை பார்த்து வந்தார். அவரும் அந்த மேடையில் ஏறிப் பாடினார். பின்னாளில் அவர் அமெரிக்காவில் பெயர் பெற்ற பாடகர் ஆனார்.

அந்த நாட்களில் வெதர்போர்டு கொலம்பியா கம்பெனிக்குப் பல தட்டுகள் வாசித்துக் கொடுத்தார். அவை இந்தியாவில் விற்றன. அமெரிக்காவில் அவற்றைக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

1945 ஏப்ரலில் கல்கத்தாவில் காலரா பரவியது. வெதர்போர்டுக்கும் அந்த நோய் வந்தது. அவர் இறந்தபோது வயது 41.

அந்தப் பேண்டு கலைந்து போயிற்று. சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். மிஞ்சியது தட்டுகள் மட்டுமே! அவர் கடைசி நாட்களில் எப்படி வாசித்தார் என்று அறிய வேண்டுமானால் கல்கத்தாவில் யார் வீட்டிலாவது கிடந்த ஒரு தட்டைத்தான் தேட வேண்டும். அதனால்தான் அந்த அலைச்சல்.

யுத்தம் தட்டுகளுக்கும் எமனாக வந்தது. அரக்கு யுத்தத்துக்குத் தேவைப்பட்டது. 1942-ல் அமெரிக்க அரசாங்கம் தட்டுக் கம்பெனிகளுக்கு அரக்கைக் குறைத்துவிட்டது. பழைய தட்டுகளைக் கொண்டு வந்து கொடுங்கள் என்று ஜனங்களிடம் கேட்டார்கள். வந்தவற்றை உடைத்து உருக்கினார்கள். எத்தனை வித்வான்களின் வாசிப்பு அந்தக் கொப்பரையில் கரைந்ததோ!

தமிழுக்கு வந்த ஸ்விங்

இந்த சங்கீதம் ஓட்டல் மண்டபத்தோடு நின்றுவிடவில்லை. தமிழ்ப் படத்துக்கும் வந்தது!

சி. ராமச்சந்திரா என்ற இந்தி இசை அமைப்பாளர் இருந்தார். ஸ்விங் மெட்டுகளை இந்திப் படத்தில் புகுத்திப் பெரும் புகழ் பெற்றவர். அவர் முதலில் இசை அமைத்தது எந்த மொழிப் படத்துக்குத் தெரியுமா? தமிழ்ப் படத்துக்கு! 'ஜெயக்கொடி', 'வனமோகினி' ஆகிய இரண்டும் அவர் ஆரம்ப காலத்துப் படங்கள். 1941-ல் வந்த 'வனமோகினி'யில் இலங்கை நடிகை தவமணி தேவி நடித்தார். டைரக்டர் பகவான்.

அதே பகவானும் ராமச்சந்திராவும் 1951-ல் 'அல்பேலா' என்ற இந்திப் படத்தைத் தந்தார்கள். அதில் சிக் சாக்லேட் என்ற டிரம்பெட்காரர் தம் பேண்டோடு தோன்றினார். பெயரைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். அவர் கோவாக்காரர். அந்தோணியோ சேவியர் வாஸ் என்பது சொந்தப் பெயர். 'இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்' என்று ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அவருடைய பேண்டுத் தட்டுகளையும் இன்று வலை போட்டுத் தேடுகிறார்கள்.

தமிழில் சந்திரபாபு இருந்தார். தூத்துக்குடியில் பிறந்தவர். சிறு வயதில் கொழும்பில் இருந்தவர். மேல்நாட்டுப் பாணியில் குரலைச் சட்டென்று உடைத்து ஏற்றிப் பாடுவார். அவருடைய பிரபலமான பாட்டுகள் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் கேட்கின்றன. அவற்றுக்கு ஆபத்து இல்லை.

ஆபத்து எல்லாம் பிரபலம் ஆகாத தட்டுக்குத்தான்! ஆயிரம் வீட்டில் இருந்த தட்டு, 900 வீட்டில் உடைந்தாலும் 100 மிஞ்சும். பத்து வீட்டில் மட்டும் இருந்த தட்டு என்ன ஆகும்?

குரல் எங்கே?

செங்கோட்டை கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் செங்கோட்டையும் நாஞ்சில் நாட்டைப் போலத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. நாடக மேடையில் கிட்டப்பா பாடினால் கூட்டம் சொக்கிப் போகும். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிப்பார். 1933-ல் கிட்டப்பா இறந்தபோது வயது 27-தான். அவர் ஒரு சினிமாவிலும் நடிக்கவில்லை. கிராமபோன் தட்டு மட்டும் இல்லாவிட்டால் கிட்டப்பாவின் குரல் இப்படித்தான் இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

சினிமாவே அழிந்து போனதும் உண்டு. அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்து 1975-ல் மறைந்த ஜே.சி. டேனியல் எடுத்த பேசாப்படம் 'விகதகுமாரன்'. மலையாளத்தின் முதல் படம் அதுதான். இன்று அதன் பிரதி இல்லை. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. அதற்கும் பிரதி இல்லை.

நாஞ்சில் நாட்டுக்காரர்களின் தட்டுகள் எத்தனையோ உண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவரும் டி.ஏ. மதுரமும் பாடிய நகைச்சுவைப் பாட்டுகள் தட்டாக வந்தன. திரை இசைத் திலகம் கே.வி. மகாதேவன் 1918-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1967-ல் வந்த 'கந்தன் கருணை'ப் படத்துக்காக இசைக்கு மத்திய அரசின் விருது பெற்றவர். ஆனால் அவர் சினிமாவுக்கு வந்தது 1942-ல், 'மனோன்மணி' படத்தில்! 'கந்தன் கருணை'ப் பாட்டு எங்கும் கிடைக்கும். 1940-களின் தட்டுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நம்பர் என்ன?

தட்டுச் சேகரிப்பவர் ஒருவரிடம் ஒரு தட்டைக் காட்டினால் அவர் முதலில் பாட்டைக் கேட்க மாட்டார். நம்பரைத்தான் பார்ப்பார்!

நடுவில் ஒட்டிய காகிதத்தில் ஒரு நம்பர் இருக்கும். அது கடையில் விற்பதற்கான நம்பர். காகிதத்தைச் சுற்றி உள்ள வழவழப்பான இடத்தில் இன்னொரு நம்பர் சின்னதாக வெட்டப்பட்டிருக்கும். அது பதிவு செய்த நம்பர். வரிசையாக வரும் நம்பர்களை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு பதிவாயிற்று என்று ஊகிக்கலாம். போலீஸ்காரர் கைரேகை பார்ப்பது போலத்தான்!

சேகரிப்பவர்கள் கூடினால் விவாதத்துக்குக் குறைவு இராது. ஆர்மோனியம் வாசித்தது யார்? பேண்டில் டிரம்பெட் ஊதியது யார்? பாட்டுக்காரர் பெயர் காகிதத்தில் இருக்கும். பக்கவாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இராது. பாவம், ஊதியவர் ஊதிவிட்டுப் போய்விட்டார்! கேட்டுக் கேட்டு, ஒப்பிட்டு ஒப்பிட்டு, அந்தப் பெயரை மீட்க வேண்டும். பம்பாய்ப் பத்திரிகையாளர் நரேஷ் பெர்னாண்டஸ் இந்திய ஜாஸ் வாத்தியக்காரர்களின் கதையைத் தேடித் திரட்டி 'தாஜ்மஹால் பாக்ஸ்ட்ராட்' என்ற புத்தகம் எழுதினார். பழைய தட்டுகளின் பாட்டையும் அதோடு சேர்த்தே கொடுத்தார்.

இதற்கென்று 1990-ல் பம்பாயில் ஒரு சங்கமே தோன்றியது. இந்திய ரிக்கார்டு சேகரிப்போர் சங்கம் என்று பெயர். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்துப் புகழ் பெற்றார். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய சாமான் கடைகள் தட்டுத் தேடுவோருக்குப் புதையலாக இருந்தன. 1985-ல் அந்த மார்க்கெட் தீயில் எரிந்து போயிற்று. கேரளத்தில் கோட்டயம் ஜில்லாவின் பிளாசநால் கிராமத்தில் சன்னி மாத்யூ என்பவர் கிராமபோன்களுக்கும் தட்டுகளுக்கும் ஒரு மியூசியமே அமைத்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், மேல்நாட்டுக்காரர்கள் இந்தியாவில் அச்சான பீட்டில்ஸ் தட்டுக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள்! அவர்கள் நாட்டில் 78 சுற்றுத் தட்டு நின்று போன பிறகும், 1960-களில் தம்தம் ஆலை அதே பழைய ரகத்தில் பீட்டில்ஸ் பாட்டுகளை அச்சிட்டது. கிராமத்தில் சாவி கொடுக்கும் கிராமபோன்தானே இருந்தது!

கை வைக்குமுன்...

மச்சில் தட்டு கிடைத்தால் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. அடியில் உள்ளது கீறல் விடும். புத்தகம் போல நிறுத்தி வைக்க வேண்டும். வெயிலில் காய வைக்கவே கூடாது. அரக்கு இளகித் தட்டு அப்பளம் போல் வளைந்துவிடும்.

அழுக்கைப் போக்க ஸ்பிரிட் போட்டுத் துடைப்பவர்கள் உண்டு. அதைவிடக் கெடுதல் வேறில்லை! ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். மெத்தென்ற துணியால் தூசியைத் துடைத்தால் போதும். நடுவில் உள்ள காகிதத்தில் தண்ணீர் படக் கூடாது.

பழைய கிராமபோனில் போட்டுக் கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரும்பு ஊசி ஒவ்வொரு தடவையும் தட்டைக் கொஞ்சம் தேய்க்கிறது. அதனால்தான் அந்த நாளில் ஒரு பக்கம் பாடியதும் ஊசியை மாற்றினார்கள். அரிய தட்டாக இருந்தால், 78 சுற்றுக்கு என்றே செய்த ஊசி உள்ள மின்சார இயந்திரத்தில் ஒரு தடவை போட்டு, அப்போதே பாட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்கிறார்கள்.

உடைந்த தட்டையும் எறிய வேண்டாம். இரண்டு துண்டாக உடைந்ததைப் பொருத்தி வைத்துப் பாட்டை மீட்டவர்கள் இருக்கிறார்கள். துண்டில் பாட்டு வராவிட்டாலும் நம்பர் இருக்கும்.