பார்வையின் பாதை – 12: வயது தாண்டிவிட்டதா?

முகப்பேரில் பள்ளிக் கண் பரிசோதனை முடிந்து சீட்டு வீட்டுக்கு வந்ததும் பெற்றோர் பலர் திகைத்துப்போகிறார்கள். “நல்லா படிக்கிறான், டிவி பார்க்கிறான், ஒரு கண்ணில் மட்டும் எப்படி பார்வை குறையும்?” என்பது முதல் கேள்வி. “வயசு தாண்டிடுச்சா?” என்பது அடுத்தது.

இந்தக் குறைக்கு ஆம்ப்ளையோபியா என்று பெயர். சோம்பேறிக் கண் என்பார்கள். நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கலாம். மாறுகண், இரு கண்களுக்கும் பவர் வித்தியாசம், பிறவிக் கண்புரை ஆகியவை முக்கியக் காரணங்கள். மங்கலாகவோ விலகியோ தெரியும் கண்ணை மூளை ஒதுக்கிவிடுகிறது. மற்ற கண் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்வதால் குழந்தை எதுவும் சொல்வதில்லை. ஆனால் அந்த நல்ல கண்ணைக் கையால் மூடிப் பாருங்கள்: உங்கள் கையைத் தட்டிவிடலாம், அழலாம்.

1960களில் டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசெல் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து ஆராய்ந்தார்கள். திறந்த பிறகும் மூளையின் பார்வைச் செல்கள் அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளவில்லை. வளர்ந்த பூனைகளுக்கு இப்படி ஆகவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. சின்ன வயதைக் கோட்டைவிட்டால் அவ்வளவுதான் என்ற எண்ணமும் ஊன்றிப்போனது.

அந்த எண்ணத்தை அசைத்தது 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு. 7 முதல் 17 வயது வரை 507 பேர். 7–12 வயதினரில் கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம் பேர் முன்னேறினார்கள். கண்ணாடியோடு, நல்ல கண்ணை மூடும் பேட்ச், அதை மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்தும் சேர்ந்தபோது 53 சதவீதம். அதற்கு மேற்பட்ட வயதிலும், முன்பு சிகிச்சையே பெறாதவர்களில் பலர் பலன் கண்டார்கள்.

பார்வை தேறினாலும் இரு கண்களும் சேர்ந்து ஆழம் அறிவது தனி விஷயம். கிளினிக்கில் போலராய்டு கண்ணாடி மாட்டி, ஒரு பெரிய ஈயின் படத்தைக் காட்டி, “இறக்கையைப் பிடி” என்பார்கள். ஆழம் தெரியும் குழந்தை காகிதத்துக்கு மேலே காற்றில் கிள்ளும். தெரியாத குழந்தையின் விரல் காகிதத்தில் போய் முட்டும். இந்தத் திறனையும் பிற்காலத்தில் மீட்க முடியுமா? இந்து வேதமூர்த்தி, டென்னிஸ் லெவி குழுவினர் பெரியவர்களை மெய்நிகர் உலகில் பூச்சிகளை நசுக்கும் விளையாட்டில் பழக்கி, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பங்கேற்றது சிறு குழுதான். ஆனாலும் அவர்களில் பலருக்கு ஆழப் பார்வை மேம்பட்டது. வழி முற்றிலும் அடைபடவில்லை என்பதற்கு இது சான்று.

அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். பள்ளியில் சேர்க்கும் முன்பே இரண்டு கண்களையும் தனித்தனியாகச் சோதித்துவிடுங்கள். திருமங்கலத்தில் மெட்ரோ ஏறினால் எழும்பூர். அங்கே, 1819இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. பேட்ச் எழுதிக்கொடுத்தால் கேலிக்குப் பயந்து கழற்றிவிடாதீர்கள். ஏழு வயதுக்குட்பட்ட, நடுத்தரக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குத் தினம் இரண்டு மணி நேரமே ஆறு மணி நேரத்துக்கு ஈடான பலன் தந்ததாக 2003 ஆய்வு காட்டியது. டாக்டர் சம்மதித்தால் அதை மாலையில் வீட்டிலேயே முடித்துவிடலாம்.

வயது தாண்டிவிட்டது என்று அக்கம்பக்கத்தார் சொன்னால் நம்பாதீர்கள். அதைக் கண் மருத்துவர் சோதித்துச் சொல்லட்டும்.

(தொடரும்)