நீருக்குள் ஒரு தேவாலயம்

துருக்கி நாட்டு இஸ்னிக் ஏரியை வானிலிருந்து பிடித்த படமொன்றை அண்மையில் நெடுநேரம் நோக்கியிருந்தேன். கரையிலிருந்து ஏறத்தாழ 50 மீற்றர் தூரத்தில், ஆழங்குறைந்த நீரின் கீழே, பழைய தேவாலயமொன்றின் அடித்தளம் கோலமிட்டாற்போலத் தெரிகின்றது. 2014ஆம் ஆண்டில் இத்தகைய வான்படங்களே அதனைக் காட்டிக்கொடுத்தன. தொல்லியற் பேராசிரியர் முஸ்தபா ஷாஹின் 2006 முதல் அவ்வூரிலே கள ஆய்வு நடத்தியவர்; அவர் கண்ணிலும் அது படவில்லையாம்!

இஸ்னிக் என்பது பண்டைய நிசேயா. 325இல் கொன்ஸ்தந்தைன் பேரரசன் கிறிஸ்தவ ஆயர்களை ஒன்றுகூட்டிய நகர் அது. அந்தச் சங்கம் கூடிய மண்டபம் இதுதானோ என்று எண்ண மனம் அவாவுகின்றது. என் மனமும் அவாவிற்று. ஆயின், சுவரின் கீழே கிடைத்த நாணயங்களுள் வாலென்ஸ் மன்னனுடையவை உள. அவன் அரியணை ஏறியதோ 364இல். சுவருக்கு முன்னரே அக்காசு மண்ணுட் புகுந்திருத்தல் வேண்டுமன்றோ? எனவே இச்சுவர் சங்கத்துக்குப் பிந்தியது. செப்புக்காசின் சாட்சியத்தை நம் ஆசைக்காகத் தள்ளிவிட இயலாது.

740ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற் கட்டடம் இடிந்தது என்பது ஆய்வாளர் கருத்து. அண்மைக் காலத்தில் ஏரியும் வற்றத் தொடங்கிற்று. சங்கத்தின் 1700ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2025 நவம்பரில் பாப்பரசர் பதினான்காம் லியோ அவ்விடிபாடுகளின் அருகே நின்று செபித்தபோது, நீர் மூடியிருந்த கற்கள் வெளியே கிடந்தன.